ஆர்எக்ஸ் 100-ல் 135 சிலிண்டர் போர்: மேக்னட் பக்கச் சீலில் காற்று கசிகிறது

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, இடம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர். இதில் ஆர்எக்ஸ் 135-இன் சிலிண்டரை ஏற்றியிருக்கிறது. இரண்டு மாடலுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. என்பதால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பழையதேதான். 135-இன் 58 மி.மீ. போர் (சிலிண்டர் துளை) இறங்க கிராங்க்கேஸ் வாயை லேத்தில் விரித்தாயிற்று. 98 சிசி 132 ஆகி மூன்று வாரம்.

உச்சிப்புளி தாண்டுவதற்குள் இழுவை செத்துவிடுகிறது. பிளக் சூட்டில் வெள்ளையாக இருக்கிறது, பிஸ்டனில் சைலன்ஸர் பக்கம் கீறல். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஐடில் இறங்க நாலு நொடி ஆகிறது.

பெட்ரோல் கூடுதலாக வர கார்புரேட்டரில் மெயின் ஜெட் மூன்று அளவு ஏற்றியாயிற்று. பேஸ் கேஸ்கெட், ரீட் வால்வு கேஸ்கெட் புதுசு. பம்ப் ஆயிலோடு டேங்கிலும் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில். சூடு குறையவில்லை. பிறகு இன்டேக், சைலன்ஸர் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினால், ஒரே நிமிடத்தில் பாதியாக இறங்குகிறது. (ஜெட்டைத் தொடும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை.) சோப்பு நுரை கிளம்புவது மேக்னட் பக்க ஆயில் சீலில் மட்டும். சீல் இரண்டு முறை மாற்றியும் அதே கதி. வண்டி உப்புக்காற்றில் நெடுநாள் நின்றதால், சீல் உதடு உரசும் இடத்தில் கிராங்க் தண்டு துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறது. 1000 நம்பர் எமரி போட்டும் குழி மறையவில்லை.

சீலை 1 மி.மீ. வெளியே தள்ளி, உதடு நல்ல பரப்பில் உட்காரும்படி பொருத்தினால் இந்த 58 போருக்குத் தாங்குமா, கிராங்கையே மாற்றத்தான் வேண்டுமா?