கால் மணி நேரத்தில் குலையாத கொண்டை: வீட்டிலேயே போட்டுக்கொள்ள வழி உண்டா?

கேள்வி (சேலம் வாசகி)

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் நாத்தனார் மகளுக்குத் திருமண வரவேற்பு. பெண்ணின் மாமி என்ற முறையில் வாசலில் நின்று பன்னீர் தெளித்து வருவோரை வரவேற்க வேண்டியவள் நான் என்பதால், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை என் கொண்டை அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் இரண்டு பிள்ளைகளையும் கிளப்பிவிட்டுப் பட்டுப்புடவையும் கட்டி முடித்த பிறகு தலைக்கென்று எனக்கு மிஞ்சுவது கால் மணி நேரம்தான்.

சென்ற ஆண்டு வேறொரு திருமணத்துக்கு அழகு நிலையம் ஒன்றுக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கொண்டை என்னவோ அழகாகத்தான் இருந்தது. இரவு வீட்டுக்கு வந்து பிரித்தபோது 43 ஊசிகளை எண்ணி எடுத்தேன், ஸ்பிரேயில் விறைத்துப்போன முடியைச் சிக்கெடுக்கையில் சீப்போடு கொத்தாக முடியும் வந்துவிட்டது. மறுபடி அங்கே போக மனம் வரவில்லை.

வீட்டில் நானே போட்டால் அரை மணி நேரத்துக்குள் கொண்டை பிடரிக்குச் சரிந்துவிடுகிறது. என் முடி இடுப்புக்குச் சற்று மேல் வரை வரும். மெலிந்தது, சுருளே இல்லாதது, பட்டு நூல் போல வழுக்குவது. சரியச் சரிய ஊசிகளைக் கூட்டிக்கொண்டே போகிறேன். எங்கே தவறு செய்கிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (மணப்பெண் அலங்காரம் செய்பவர், மதுரை)

வணக்கம், சகோதரி. உங்கள் கொண்டை சரிவதற்கு ஊசிகளின் எண்ணிக்கை காரணமன்று. அடிக்கட்டும் ஊசியின் திசையும்தான் காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தாலே தெரிகிறது. அடிக்கட்டு உறுதியாக இருந்தால் ஆறேழு ஊசிகளே போதும்.

முதலில், விசேஷத்தன்று தலைக்குக் குளிக்காதீர்கள். புதிதாக அலசிய முடி, அதுவும் உங்களுடையதைப் போன்ற மெல்லிய முடி, எதிலும் பிடிபடாமல் நழுவும். முந்தின நாளே குளித்து நன்றாகக் காயவைத்துவிட்டால் மறுநாளைக்குள் சற்றே பசைத்தன்மை வந்து, சொன்னபடி கேட்கும்.

அடிக்கட்டை ஒரே கட்டாகப் போடாமல் இரண்டு கட்டாகப் போடுங்கள். பின்தலையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு முடியைத் தனியே எடுத்து, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் முதலில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பிறகு நெற்றிப்பக்க முடியையும் காதோர முடியையும் பிடரி முடியையும் அதன்மேல் படிய வாரிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாவது பேண்டைப் போடுங்கள். கொண்டையின் பாரத்தை உள்ளே இருக்கும் முதல் கட்டே தாங்கிக்கொள்வதால், மேலே வாரிய முடியை வலிக்கும்படி இழுக்க வேண்டிய தேவை இராது. பட்டுப்புடவைக்கும் பூவுக்கும் காது மடலின் நடுப்பகுதிக்கு நேராகக் கொண்டை அமைவது பொருத்தம். அதைவிடத் தாழ்ந்தால் ரவிக்கையின் கழுத்தில் உரசி நூலிழை போல முடி பிரியத் தொடங்கும்.

அடுத்து ஊசி. நீங்கள் கொண்டை ஊசியை வெளியிலிருந்து நேராக உள்ளே செருகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அது வந்த வழியே வெளியேறியும்விடும். கொல்லிமலைச் சாலையின் 70 வளைவுகளையும் நாம் கொண்டை ஊசி வளைவுகள் என்கிறோம் அல்லவா, ஊசியும் அந்த வண்டியைப் போலவே போன திசைக்கு எதிராகத் திரும்ப வேண்டும். ஊசியின் முனை கொண்டையை விட்டு வெளிப்புறம் பார்க்கும்படி பிடித்து, கொண்டையின் ஓரத்திலிருந்து சிறிதளவு முடியை அதன் இரு கால்களுக்கிடையே கோத்துக்கொள்ளுங்கள். அப்படியே தலையை ஒட்டிய முடியையும் கொஞ்சம் தொட்டு எடுத்து, ஊசியைத் தலைகீழாகத் திருப்பி, கொண்டையின் நடுப்பகுதியை நோக்கித் தலையோட்டுக்கு இணையாகத் தள்ளுங்கள். சரியாகப் போட்டால் ஒரு மெல்லிய இறுக்கம் கைக்கே தெரியும். தெரியவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், பக்கத்தில் இன்னொன்றைச் செருகாதீர்கள்.

கடைகளில் ஸ்லைடு என்று கேட்டால் தரும் கருப்புப் பின்னில் ஒரு கால் நெளிநெளியாக இருக்கும். அந்த நெளிவு தலையைப் பார்த்து இருக்க வேண்டும், அதுதான் முடியைக் கவ்வுகிறது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நெளிவை வெளியே காட்டிச் செருகுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

மேடை அலங்காரம் போன்ற மழமழப்புக்கு ஸ்பிரேயை நம்ப வேண்டாம். மிளகளவு கற்றாழை ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்து, பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டு, நெற்றியோரத்திலும் பிடரியிலும் எழும்பி நிற்கும் குட்டி முடிகளை மட்டும் படிய வைத்தால் போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அக்கா. நீங்கள் சொன்னது சரி, இத்தனை ஆண்டுகளாக ஊசியை நேராகத்தான் குத்திவந்திருக்கிறேன். இன்று இரட்டைக் கட்டு போட்டுப் பார்த்தேன், அடி அசையவில்லை. ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொண்டை பெரிதாகத் தெரிய வேண்டுமென்று டோனட் வளையம் வாங்கி வைத்திருக்கிறேன். என் முடி மெலிது என்பதால் அது இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறது.

பதில் (கும்பகோணம், தானும் மெலிந்த முடிக்காரி)

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கடைக்காரர் தந்த பழுப்பு நிற டோனட்டை விட்டுவிட்டு, பழைய கருப்புக் காலுறையின் விரல் பகுதியை வெட்டி, சப்பாத்தியைச் சுருட்டுவது போல உருட்டி வளையமாக்கிக்கொண்டேன். நம் முடிக்கு ஏற்ற அளவில் செய்துகொள்ளலாம். நிறமும் ஒத்துப்போவதால் ஓரிரண்டு இடைவெளி விட்டாலும் யார் கண்ணுக்கும் படாது.

வளையமே வேண்டாம் என்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கட்டிய குதிரைவாலை இரண்டாகப் பிரித்து, இரண்டு பிரிகளையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குங்கள். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கமாகச் சுற்றுங்கள். கயிறு திரிப்பதும் இப்படித்தான். ஒவ்வொரு பிரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும், அந்த முயற்சியே மற்றதோடு சேர்ந்த சுற்றை இறுக்கிவிடும் என்பதால் கையை விட்டாலும் பிரியாது. நுனியில் சிறு ரப்பரைப் போட்டு, அடிக்கட்டைச் சுற்றி வளைத்து, நுனியை உள்ளே செருகிவிட்டு, கயிற்றின் வரிகளைக் கட்டைவிரலால் இலேசாக இழுத்து அகலப்படுத்தினால் கொண்டை தானாகப் பருத்துத் தெரியும். இழுப்பதை ஊசி போட்ட பிறகுதான் செய்ய வேண்டும். முன்பே இழுத்தால் எல்லாம் குலைந்துவிடும், நான் இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர், தஞ்சாவூர்)

அலங்காரம் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். சென்ற ஆண்டு கொத்தாக முடி வந்தது என்று அந்தப் பெண் எழுதியிருப்பதால் ஒன்றிரண்டு மட்டும் சேர்க்கிறேன், அம்மா. கொண்டை போட்டுக் கண்ணாடியில் பார்க்கும்போது புருவம் மேலே இழுபட்டது போலத் தோன்றினாலோ, முடியின் அடியில் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ, கட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். என்றோ ஒரு நாள் கட்டுவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நாள்தோறும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டுபவர்களுக்கு நெற்றியோரமும் காதோரமும் மெல்ல வெறுமையாகும். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைக்கும், ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் வேர்ப்பகுதியே தழும்பாகிவிடும். ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துபோகும் என்பதால், நேரமில்லை என்று அரைகுறையாகக் காய்ந்த தலையில் கொண்டை போடாதீர்கள்.

பிரிக்கும்போது முதலில் பூ, பிறகு ஊசிகள், கடைசியாக ரப்பர் என்ற வரிசையில் எடுங்கள். ரப்பரை இழுக்காமல் கத்தரியால் நறுக்கிவிடலாம். ஸ்பிரே அடித்திருந்தால் தேங்காய் எண்ணெயைத் தடவிச் சற்றுப் பொறுத்திருந்து, நுனியிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாகச் சிக்கெடுங்கள். போடும்போதே ஊசிகளை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. மறந்துபோன ஊசியோடு படுத்து, காலையில் தலையில் கீறலோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் (பூக்கட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர், திருவில்லிபுத்தூர்)

பூவைப் பற்றி யாருமே எழுதவில்லையே! மாலை விசேஷத்துக்கு மலர்ந்த மல்லிகை வாங்காதீர்கள். இறுகிய மொட்டாகக் கட்டிய சரம் பொழுது சாயத்தான் விரியத் தொடங்கும், நீங்கள் வாசலில் நிற்கும் நேரத்துக்கு மணமும் சரியாக வந்து சேரும். கொண்டையைச் சுற்றிலும் வைக்க இரண்டு முழம் வேண்டும். கீழ்ப்பாதிக்கு மட்டுமென்றால் ஒரு முழமே போதும், உங்கள் மெல்லிய முடிக்கு அதுதான் பாரமாகாது. வைப்பதற்கு முன் நீரை நன்றாக உதறிவிடுங்கள். ஊசியைப் பூவின் காம்பில் குத்தாமல் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே உள்ள நாரில் கோக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்திலிருந்து பூ உதிரத் தொடங்கும்.

எங்கள் ஊர் ஆண்டாளுக்குக் கொண்டை நடுவில் இல்லாமல் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். உங்கள் கொண்டை ஒருபக்கம் சரிந்தே போனாலும் அந்தப் பக்கம் பூவை வைத்து, ஆண்டாள் கொண்டை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

கேட்டவர்

வரவேற்பு நல்லபடியாக முடிந்தது. வியாழன் அன்று ஒத்திகை பார்த்தபோது 25 நிமிடம் ஆயிற்று. ஞாயிறன்று சரியாக 16 நிமிடத்தில் முடித்துவிட்டேன். இரட்டைக் கட்டு, கயிறு முறுக்கு, ஒரு முழம் மல்லிகை. ஸ்பிரே அடிக்கவே இல்லை. இரவு சாப்பாட்டுப் பந்தி வரை கொண்டை நகரவில்லை, இடது காதோரம் மட்டும் சில இழைகள் பிரிந்தன. அங்கே ஸ்லைடின் நெளிவை மறந்துபோய் வெளிப்பக்கம் வைத்திருக்கிறேன். செவிலியரம்மா சொன்னபடி எண்ணித்தான் போட்டேன், மொத்தம் ஏழு ஊசிகள். பிரித்தபோது ஆறுதான் கிடைத்தன. பதறிப்போய் என் மாமியார் கைவிளக்கோடு என் தலையைப் பத்து நிமிடம் அலசினார். ஏழாவது ஊசி, கழற்றி வைத்த பூச்சரத்தின் நாரில் கோத்தபடி பூஜை அறை வாசலில் கிடந்தது.