தற்காலிக வகுப்பறைக்கு இரும்புப் படி, சாய்தளம்: ஆர்டரில் என்ன எழுதணும்?

கேள்வி: திருமங்கலம் பக்கம், கரிசல் மண். கண்டெய்னர் வகுப்பறை, தரை 600 மி.மீ. உயரத்தில். என்ன அளவு கேட்கலாம்?

பதில்: சாய்தளத்துக்குச் சாய்வு 1:12, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதாவது 7.2 மீட்டர். கதவு முன்னாடி 1.5 மீட்டர் சதுர மேடை. படி 150 மி.மீ. உயரம், 300 மி.மீ. அகலம். ஏற்றம் நாலு, மிதிபலகை மூணுதான். நாலாவது மேடையே.

பதில்: கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். படியையும் சாய்தளத்தையும் கட்டடத்தோடு வெல்டிங் வைக்கவே கூடாது சார். கால்களுக்குத் திருகி உயரம் மாத்துற ஜாக், அடியில் கான்கிரீட் பலகை கேளுங்க. இல்லாட்டி வாசல்ல விளிம்பு தூக்கிக்கும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அங்கேதான் மாட்டும், பிள்ளை முன்னாடி விழும்.

பதில்: வெட்டு, துளை, வெல்டிங் முடிச்சப்புறமே கால்வனைசிங் (துருப்பிடிக்காம இருக்க துத்தநாகப் பூச்சு). சித்திரை வெயிலில் கைப்பிடி சுடும், மேலே கூரை அவசியம்.