ஞெகிழி இல்லாத பந்தி: டம்ளர் கணக்கில் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். தை மாதத்தில் மதுரையில் ஒரு வளைகாப்பு, 240 பேர், பந்திக்கு 60 பேர் என நான்கு பந்தி. பேப்பர் கப், தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம் என்பது முடிவு. பேப்பர் கப்பின் உட்புறம் ஞெகிழிப் பூச்சு இருப்பதால் அது மக்காது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடையும் உண்டு, கடையில் கிடைப்பது வேறு கதை.

வாழையிலையில் சிக்கல் இல்லை. டம்ளர்தான் இடிக்கிறது. ஒரு பந்தி உண்ணும்போது முந்தைய பந்தியின் டம்ளர் கழுவி வர வேண்டும். எனவே 120, உதிரி 20, மொத்தம் 140 எவர்சில்வர் டம்ளர். பாயசத்துக்குத் தனியாக 140. மூன்று அண்டா: முதலில் எச்சில் அலச, அடுத்து சோப்புத் தண்ணீர், கடைசியில் வெந்நீர். முதல் அண்டாவின் தண்ணீரைப் பந்திக்குப் பந்தி மாற்றாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மூன்றாவது வரை வந்துவிடும். குடிக்க 20 லிட்டர் கேன் 7 போதுமா?

தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. துணி மாதிரியே தெரியும் நான்-ஓவன் (நெய்யாத ஞெகிழி இழை) பையைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஓர் இழையைக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், மற்றது உருகி உருண்டையாகும்.

கேட்க வேண்டியவை: டம்ளர் வாடகை அங்கே இப்போது என்ன? கழுவ இரண்டு பேர் போதுமா, மூன்று பேரா? எச்சில் இலையை மாட்டுக்கு எடுத்துக்கொள்பவர்கள் யாராவது உண்டா? சமையல்காரரைச் சம்மதிக்க வைத்த அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர்தான் பேப்பர் கப்பை விட மாட்டேன் என்கிறார்.