‘தாயூட்டம்’: மாஸ் செடிக்கும் பொட்டரூவுக்கும் பொருந்தும் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கரு வளரத் தேவையான சத்தைத் தாயுடலே தொடர்ந்து கொடுப்பதை உயிரியலில் மேட்ரோட்ரோஃபி என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நேற்று முன்வைக்கப்பட்ட ‘கருப்பையூட்டம்’ எனக்கு உடன்பாடில்லை. கருப்பையே இல்லாத உயிர்களிலும் இது நடக்கிறது.

மழை நின்றதும் செங்கல் மதிலிலிருந்து கொஞ்சம் ஃபியூனேரியா என்ற மாஸ் செடியை (பாசிபோல் படரும் சிறு பச்சைச் செடி) பெயர்த்துக் கைலென்சில் பார்த்தேன். மெல்லிய காம்பின் நுனியில் இளம் ஸ்போர்க்கூடு (இனம் பெருக்கும் நுண்தூள் உருவாகும் உறை). அதன்மேல் கூரிய மூக்குடன் ஒரு தொப்பி. அந்தத் தொப்பி தாய்ச்செடியின் திசு; காம்பும் கூடும் அதன் சேய். சேயான காம்பின் அடிப்பகுதியோ தாய்க்குள் குத்துவாள்போல் இறங்கியிருக்கும். அங்கே செல்சுவர்கள் உள்நோக்கி மடிந்து, சத்தை உறிஞ்சும் பரப்பைப் பெருக்குகின்றன. கூட்டில் பச்சையம் இருந்தும் சேய் தாயைவிட்டுப் பிரிவதே இல்லை.

இன்னொரு முனையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கில்பர்ட் பொட்டரூ. நிலத்தடிப் பூஞ்சைகளைத் தோண்டித் தின்னும், ஒரு கிலோ அளவே எடையுள்ள பைப்பாலூட்டி. அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1994-இல் டூ பீப்பிள்ஸ் பே பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. 2015 தீயில் அங்கே அதன் வாழிடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. தீப்பட்ட மண்ணில் முதலில் முளைப்பவற்றுள் ஃபியூனேரியாவும் ஒன்று என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

பைப்பாலூட்டிகளில் கருப்பைச் சுரப்பும், குறுகிய காலமே நிலைக்கும் தாய்சேய் இணைப்புத்திசுவும் (பிளாசென்டா) கருவைப் பேணுகின்றன. பிறந்தபின் மீதி வளர்ச்சி பைக்குள், பாலில்.

ஆகவே, ‘தாயூட்டம்’ என்பதே என் பரிந்துரை. தாய்ப்பாலோடு குழம்பாதா என்று கேட்கலாம். அதற்குப் ‘பாலூட்டல்’ வேரூன்றிய சொல். எனவே பிறப்புக்கு முந்தையதை மட்டும் தாயூட்டம் எனலாம். ‘கருவூட்டம்’ அழகான சொல்தான். ஆனால் கரு உண்பதா, மஞ்சள்கருவை உண்பதா என்ற மயக்கம் வரும். இங்கே வேறுபடுத்திக் காட்ட வேண்டியதே அதைத்தான். முட்டையில் சேமித்ததை மட்டும் உண்டு வளர்வதற்கு ‘மஞ்சள்கருவூட்டம்’ என்று இணைச்சொல் வைக்கலாம்.

இலங்கைப் பாடநூல் வழக்கில், தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வதற்குத் ‘தற்போசணை’ என்ற சொல் இருப்பதால் ‘தாய்ப்போசணை’யும் இயல்பாக வரும். இரண்டையும் நம் கலைச்சொல் பதிவில் சேர்ப்போம்.

‘நஞ்சுக்கொடி’யை மட்டும் மாஸ் செடிக்குக் கொண்டுபோக வேண்டாம், அங்கே கொடியே கிடையாது. பாடநூலில் உள்ள ‘தாய்சேய் இணைப்புத்திசு’ இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.