புதுப்பிப்பு: காந்தள் சாகவில்லை

உச்சிப்புளி வீட்டில் நட்ட செங்காந்தள் கிழங்கு முளைக்கவே இல்லை, செத்துப்போச்சு என்று ஆடியில் புலம்பியிருந்தேனே, அது சாகவில்லை. கோடையில் மேலே எல்லாம் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும் செடி இது. நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றி ஒரு கிழங்கை அழுகவிட்டேன். மிச்சமிருந்த கலப்பை வடிவக் கிழங்கைப் பனையோர மணலில், வேலிப்பக்கம் மாற்றி வைத்தேன். ஐப்பசி மழை நாலு நாள் விழுந்ததும் முளை!

இப்போது இலை நுனியே சுருண்டு உடைமுள்ளைப் பிடித்து ஏறுகிறது. நேற்று முதல் பூ. நெளிந்த இதழ், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆக இன்னும் சிவக்கும்.

ஆடு கடிக்குமா என்று கேட்டவருக்கு: கடிக்க விடாதீர்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. தொட்டால் கை கழுவுங்கள்.