பல நாட்டு மாணவர்களின் வேலை விண்ணப்பக் கடிதம்: ஒரே மாதிரி எல்லோருக்கும் பொருந்துமா?

எழுதுகோல் (கேள்வி):
வணக்கம். இறுதியாண்டு மாணவர்களுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிற்சி தருகிறேன். வகுப்பில் இந்தியா, கொரியா, ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா எனப் பல நாட்டவர். ஒரே விளம்பரத்தைக் கொடுத்தால் ஒருவர் நான்கு வரியில் முடிக்கிறார், ஒருவர் பெற்றோரில் தொடங்குகிறார், ஒருவர் நிறுவனத்தைப் பற்றியே பாதிப் பக்கம் எழுதுகிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதத்தைத் தரலாமா, அவரவர் வழக்கத்தை விட்டுவைக்கலாமா?

வரைவு (பதில்):
மாதிரிக் கடிதம் தர வேண்டாம். அதை அப்படியே பார்த்து எழுதுவார்கள், கடிதத்தில் ஆள் காணாமல் போய்விடும். முதலில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுங்கள். மொழியியலாளர் விஜய் பாட்டியா 1993-ல் இந்தக் கடிதத்தில் ஏழு நகர்வுகளை, அதாவது தனித்தனி நோக்கமுள்ள ஏழு உறுப்புகளை, சொன்னார்: தகுதியை நிறுவுதல், விண்ணப்பத்தை முன்வைத்தல், கூடுதல் ஈர்ப்பு காட்டுதல், இணைப்புகளைச் சொல்லுதல், விரைந்து முடிவெடுக்கத் தூண்டுதல், பதில் கேட்டல், பணிவாக முடித்தல். எந்த நாட்டுக் கடிதமும் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கும். எதற்கு எவ்வளவு இடம் என்பதில்தான் பழக்கம் மாறுகிறது.

நான்கு வரியில் முடிப்பவர் சோம்பேறி இல்லை. அவரைப் பொறுத்தவரை கடிதம் ஓர் உறை, சான்று எல்லாம் இணைப்பில் இருக்கிறது. “இத்துடன் இணைத்துள்ள தற்குறிப்பைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்” என்பதோடு அவருடைய கடமை முடிந்தது. தெற்காசியக் கடிதங்களில் இது பரவலான பழக்கம். அவரிடம் “நீளமாக எழுது” என்றால் புகழுரையைத்தான் நிரப்புவார். விளம்பரத்தில் உள்ள இரண்டு தேவைகளை அடிக்கோடிடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் கேளுங்கள். “குழுவாக உழைப்பேன்” என்பது போதாது. “நால்வர் குழுவில் தரவு சேகரிப்பு என் பொறுப்பு, 6 வாரத்தில் 300 படிவங்களைச் சரிபார்த்தேன்” என்ற அளவுக்கு வர வேண்டும்.

இன்னொன்று, நம் பள்ளிக் கடித வாய்பாடு. “பணிந்து வேண்டுகிறேன்”, “வாய்ப்பளித்தால் என்றும் நன்றியுடன் இருப்பேன்” என்பவை தமிழில் மரியாதை. ஆங்கிலத்தில் “ஐ ஹம்பிளி ரிக்வெஸ்ட் யூ” என்று போனால் இரந்து கேட்பதாகப் படும். தந்தை பெயர், “மேற்கண்டவை உண்மை” என்ற உறுதிமொழி இரண்டும் படிவத்துக்கு உரியவை, கடிதத்துக்கு வேண்டாம்.

அஞ்சல்பெட்டி:
கொரிய மாணவர் பெற்றோரில் தொடங்குவது பிழையல்ல. அங்கே ‘ஜாகிசோகேசோ’ என்னும் தன்னறிமுகத்தில் வளர்ந்த சூழல், குணத்தின் நிறைகுறைகள், விண்ணப்பிக்கும் காரணம், சேர்ந்த பின் செய்ய விரும்புவது என்ற தலைப்புகள் வழக்கம். முதல் தலைப்பை எடுத்துவிட்டு மூன்றாவதை முதல் பத்தியாக்கச் சொன்னால் கடிதம் தானே அமெரிக்க வடிவுக்கு வந்துவிடும். அமெரிக்காவுக்குப் போவதில் படம், வயது, திருமண நிலை எதுவும் கூடாது.

நிறுவனத்தைப் பற்றி நிறைய எழுதுபவர் பிரெஞ்சு மாணவர் என்று நினைக்கிறேன். அங்கே ‘நீங்கள், நான், நாம்’ என்று மூன்று அடுக்காக எழுதப் பழக்குகிறார்கள்: நிறுவனத்தின் தேவை, என் திறன், சேர்ந்து செய்யக்கூடியது. ‘நீங்கள்’ பகுதியை இரண்டு வாக்கியமாகச் சுருக்கினால் போதும், அடுக்கு நல்லது. அவர்களுடைய நீண்ட முடிவு வாழ்த்தை மட்டும் வேறு மொழிக்குப் பெயர்க்க விடாதீர்கள்.

ஜெர்மன் கடிதத்தில் தவறு நுணுக்கத்தில்தான் வரும். ஒரு பக்கம், டின் 5008 (கடித அமைப்புக்கான ஜெர்மன் தரநிலை) அமைப்பு. பொருள் வரியில் ‘பொருள்’ என்ற சொல்லை எழுதுவதில்லை. விளிக்குப் பின் காற்புள்ளி, அதனால் அடுத்த பத்தி சிறிய எழுத்தில் தொடங்கும் (பெயர்ச்சொல்லாக இருந்தாலன்றி). முடிவு வாழ்த்துக்குப் பின் காற்புள்ளி கிடையாது. எதிர்பார்க்கும் சம்பளத்தை விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும், பிடித்தத்துக்கு முந்தைய ஆண்டுத் தொகையாகச் சொல்ல வேண்டும். 2006-ல் பாகுபாட்டைத் தடுக்கும் சமநடத்தைச் சட்டம் வந்த பிறகு படம் கட்டாயமில்லை, ஆனாலும் பலர் வைக்கிறார்கள்.

எழுதுகோல்:
மிக்க நன்றி. அடக்கமாக வளர்ந்த மாணவர்கள் “தற்பெருமை பேச வராது” என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

வரைவு:
பெயரடையை நீக்கி வினைச்சொல்லை வைக்கச் சொல்லுங்கள். “சிறந்த”, “மிகத் திறமையான” என்பவைதான் பெருமை. “அமைத்தேன்”, “திருத்தினேன்”, “கற்பித்தேன்” என்பது வெறும் தகவல், எந்தப் பண்பாட்டிலும் கூச்சமில்லாமல் எழுதலாம். அமெரிக்கரெல்லாம் தன் போக்கில் எழுதுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க, பெல்ஜிய, ஃபின்லாந்து மாணவர்களின் கடிதங்களை ஒப்பிட்ட ஆய்வில் அமெரிக்கர்களே வாய்பாட்டு மரியாதைத் தொடர்களை அதிகம் நம்பியிருந்தார்கள், தனித்தன்மை பெல்ஜியர்களிடம் தெரிந்தது.

கயல்விழி:
ஜப்பானுக்கு விண்ணப்பிப்பவர் இருந்தால் ஒரு குறிப்பு. அங்கே தனிக் கடிதத்தைவிட ‘ரிரெகிஷோ’ என்னும் தன்விவரப் படிவமும், நிறுவனம் தன் கேள்விகளோடு தரும் விண்ணப்பத் தாளும்தான் முக்கியம். படம் 4 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலம். கையால் எழுதினால் ஒரு எழுத்து பிழைத்தாலும் வெள்ளை மை பூசாமல் புதுத் தாளில் மறுபடி எழுத வேண்டும். “உங்கள் நிறுவனம்” என்பதை எழுத்தில் ‘கிஷா’ என்றும், நேர்காணலில் ‘ஒன்ஷா’ என்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் மாற்றிப் போடுவது இதைத்தான்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி: ஏழு நகர்வுகளுக்கு ஏழு நிறம் கொடுத்து, ஒருவர் கடிதத்தை வேறு நாட்டவர் வண்ணமிடட்டும். தகுதிக்குரிய நிறம் இரண்டு வரிக்கும் குறைவாக இருந்தால், திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.