கதவுக் குமிழ் எது நல்லது? அவசரம்

கல்லடிக்காரன்:
வணக்கம். வீட்டில் குமிழ்ப்பூட்டு மாற்ற வேண்டும். பழையவை கறள் பிடித்து இறுகிவிட்டன. நாளை ஓடாவி (தச்சர்) வருகிறார். எதை வாங்கலாம்?

காத்தான்குடி நானா:
எந்தக் கதவுக்கு? வாசலுக்குத் திறப்பு (சாவி) உள்ளது வேண்டும். அறைக்குப் பூட்டே இல்லாததும் போதும். குளியலறைக்கு உள்ளே பொத்தானும், வெளியே காசு வைத்துத் திருப்பும் வெட்டும் உள்ளதை எடுங்கள். சின்னப் பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் தெரியும் அதன் அருமை.

வாவிக்கரை:
கதவின் தடிப்பு எவ்வளவு? ஓரத்திலிருந்து துளையின் நடுவரை 60 மில்லிமீற்றரா, 70 மில்லிமீற்றரா? கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

பித்தளைப் பிரியன்:
பித்தளை. வேறு பேச்சே வேண்டாம். அம்மம்மா வீட்டுக் கைபிடியை இன்றைக்கும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வருகிறது.

பொறியியலாளன்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது! பழைய இழைகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கடற்கரை வீட்டுக்கு 316 வகைத் துருப்பிடிக்கா உருக்கு. அதில் மொலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் சாதாரண 304 வகையை விட உப்பைத் தாங்கும். கடைக்குக் காந்தம் கொண்டு போங்கள், ஒட்டாவிட்டால் அசல். இதற்கு மேல் விளக்க எனக்கு நேரமில்லை.

காத்தான்குடி நானா:
தம்பி, காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, நாக (துத்தநாக) கலவையிலும் ஒட்டாது. மலிவாகக் கிடைப்பவற்றில் நிறைய நாகக் கலவைக்கு மேல் குரோம் முலாம் பூசியவை. முலாமில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக்காற்று உள்ளே புகுந்து கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

பொறியியலாளன்:
நான் சொன்னது இரும்பைப் பிரித்தறிய.

வாவிக்கரை:
430 வகையும் துருப்பிடிக்கா உருக்குத்தான், அதில் காந்தம் ஒட்டும். இரும்பு என்று வீசிவிடுவீர்களா?

பொறியியலாளன்:
430ஐக் கடற்கரையில் யார் போடுவார்கள்?

பித்தளைப் பிரியன்:
பித்தளை என்றால் இந்தச் சண்டையே இல்லை.

காத்தான்குடி நானா:
பித்தளை என்று விற்பதெல்லாம் பித்தளையா? கதவுக்குள் மறையும் பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால் வெறும் பூச்சு.

கல்லடிக்காரன்:
வேலையில் இருந்தேன். கடல் கிட்டத்தான். குளியலறைக்கும் அம்மாவின் அறைக்கும். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, குமிழைத் திருப்ப முடியவில்லை. துளை 60.

ஆரையம்பதி அக்கா:
அடடா, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அப்படியென்றால் குமிழே வேண்டாம் தம்பி. நீளக் கைபிடி வாங்குங்கள். விரல் மடங்காவிட்டாலும் முழங்கையால் அழுத்தித் திறக்கலாம். முனை கதவுப் பக்கம் வளைந்ததாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சேலைத் தலைப்பு மாட்டும்.

வாவிக்கரை:
தடிப்பை இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று, மாரியில் மரக்கதவு உப்பும். பூட்டின் நாக்கு கதவு நிலையிலுள்ள தகட்டின் துளைக்கு நேராக விழுகிறதா என்று ஓடாவியிடம் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் பூட்டில் பிழையே இருப்பதில்லை. திறப்புத் துளைக்குள் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், மணலோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கரித்தூள் போதும்.

பித்தளைப் பிரியன்:
நாங்கள் காலங்காலமாகத் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறோம்.

வாவிக்கரை:
அதனால்தான் சொல்கிறேன்.

கல்லடிக்காரன்:
நீளக் கைபிடி வாங்கிவிட்டேன். 304தான் கிடைத்தது. ஓடாவி பொருத்திவிட்டார். அம்மா திறக்கிறார். ஆனால் ஒரு கைபிடி பிணைச்சல் (கீல்) பக்கம் பார்க்காமல் மறுபக்கம் பார்க்கிறது. நன்றி.

பொறியியலாளன்:
304. நான் எழுதியதை யாரும் வாசிப்பதில்லை.

ஆரையம்பதி அக்கா:
வீட்டுக்குள்தானே, 304 தாங்கும். இடைக்கிடை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

காத்தான்குடி நானா:
பல வகைகளில் கைபிடியின் கழுத்தில் சின்னத் திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தினால் மறுபக்கம் மாற்றிப் போடலாம். உங்களுடையது எந்த வகை? படம் போடுங்கள்.

வாவிக்கரை:
தடிப்பையும்.